ஒரு பக்கச் சூடு

கொலோனில் தை மாதக் குளிர் தொடங்கினால் ஊரில் பாதிப் பேருக்கு என்மேல்தான் கோபம். வீட்டைச் சூடாக்கும் ஹைற்சுங் பூட்டித் திருத்திக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கிறவள் நான். வீடு சூடாகாதவர்கள் எல்லோரும் முதலில் என்னைத்தான் ஏசுவார்கள். குளியலறையில் வெந்நீர் வராத வக்கீல், கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை என்று ஆளாளுக்கு வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறவள் இல்லை. யதுசாவிடம் மரியாதையாகப் பேசினால்தான் ஆள் சீக்கிரம் வரும் என்று எங்கள் பழைய வாடிக்கையாளர்களுக்குத் தெரியும்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அம்மா சொல்லுவார். சொல்லட்டும். எங்கள் வீட்டில் ஒருவருக்காவது அது இருக்கத்தான் வேண்டும். மற்ற மூவரும் எதையும் நேராகச் சொல்லமாட்டார்கள்.

அந்தத் தையில் வேலை முடிந்து அப்பா அம்மாவின் வீட்டுக்குப் போனாலும் எனக்குச் சூட்டுக் கவலைதான். அங்கே என் தம்பி சேயோனின் அறையில் இரண்டு பாம்புகள் இருந்தன.

நஞ்சில்லாத பாம்புகள். இரண்டும் ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் கூட நீளம். ஒன்று செம்மஞ்சள் நிறம், பரம சாது. அதற்கு மிளகாய் என்று பெயர் வைத்திருந்தான். மற்றது கறுப்பும் வெள்ளையுமாக வளையம் வளையமாக இருக்கும். அது டொமினோ. ஜேர்மன்காரர் முதலாவதைச் சோளப்பாம்பு என்றும் இரண்டாவதை அரசப்பாம்பு என்றும் சொல்லுகிறார்கள். ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டி, ஆளுக்கொரு சூட்டு விளக்கு, விளக்கின் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஆளுக்கொரு ரெர்மோஸ்ராற். சாப்பாடு, உறையவைத்த எலி. அதற்காகவே சேயோன் ஒரு குட்டிக் குளிர்பெட்டி வாங்கி வைத்திருந்தான். தன்னுடைய விளைமீனுக்குப் பக்கத்தில் எலியை வைத்தால் வீட்டைவிட்டே போய்விடுவேன் என்று அம்மா மிரட்டியிருந்தார். அம்மா போகிறவர் இல்லை, ஆனாலும் அவன் பயந்துவிட்டான்.

சேயோனுக்கு இருபத்தேழு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அவன் வேலைக்குப் போகவில்லை. பிறகு மேசைக்குச் சாப்பிட வரவில்லை. பிறகு பேச்சும் குறைந்து, திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தே கிடந்தான். டாக்டர் அதற்கு டிப்ரெஷன் என்று பெயர் சொன்னார். அம்மா அதைக் கண்ணூறு என்றார். அந்த நாட்களில் அவன் கட்டிலைவிட்டு எழுந்தது பாம்புகளுக்குத் தண்ணீர் மாற்றுவதற்கு மட்டும்தான். எனக்குப் பாம்பைக் கண்டாலே உடம்பு கூசும். ஆனால் அப்போது அந்த இரண்டையும் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

கார்த்திகையில் ஐஃபல் மலைப்பக்கம் ஒரு கிளினிக்கில் அவனுக்கு இடம் கிடைத்தது. புறப்படுகிற அன்று எங்கள் யாரையும் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. என்னை அறைக்குள் கூப்பிட்டு, விளக்கு, தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும் காட்டித் தந்தான். இரண்டையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாக விடக்கூடாது என்றான். பிறகு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, “திரும்பி வரேக்கை ரெண்டும் இருக்கவேணும், அக்கா” என்றான்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் மத்தியானத்தில் நாங்கள்தான் அவனைக் கூப்பிடுவோம். அவன் கேட்பது ஒன்றே ஒன்று, பாம்புகள் எப்படி. அந்தப் பாம்புகளில் ஒன்றுக்கு ஏதாவது நடந்தால் அவன் திரும்பி வருவதற்கு வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை என்று நான் உண்மையாகவே பயந்தேன். நாங்கள் மூன்று பேர் இருக்கிறோமே என்று கேட்கலாம். நாங்கள் முன்பும் இருந்தோம்தானே.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. சுகமில்லாதவரிடம் உண்மையைச் சொல்லமாட்டோம். சுகமில்லாதவரைப் பற்றியும் வெளியில் உண்மையைச் சொல்லமாட்டோம். அம்மா இரண்டையும் காதும் காதும் வைத்தாற்போல் செய்து முடித்தார். சொந்தக்காரருக்குச் சேயோன் ஹம்பர்க்கில் ஏதோ படிப்புக்குப் போயிருந்தான். சேயோனுக்கோ வீட்டில் எல்லாம் நல்லம். மார்கழியில் அப்பா பஸ் தரிப்பிடத்தில் பனியில் சறுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அது அவனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக வீடியோவில் பேசும்போதெல்லாம் அப்பாவைப் பாதி ஆளாகத்தான் இருத்தி வைப்பார் அம்மா. வலது தோளும் அரை முகமும் மட்டும் தெரியும். அந்த அரை முகம் சிரித்துக்கொண்டே எல்லாம் நல்லம் என்று சொல்லும். எல்லாம் நல்லம் என்று சொன்ன பிறகு பேசுவதற்கு என்ன இருக்கிறது? வாரத்துக்கு வாரம் அழைப்பு சுருங்கிக்கொண்டே வந்தது.

நான் இரண்டு நாளுக்கு ஒருமுறை போய்ப் பாம்புகளைப் பார்ப்பேன். மற்ற நாட்களில் பொறுப்பு அப்பாவுக்கு. மகேந்திரராஜா என்கிற என் அப்பா கேபிள் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முதல் வாரம் அறை வாசலில் நின்று எட்டி மட்டும் பார்த்தார். அடுத்த வாரம் கதிரையை உள்ளே கொண்டுபோனார். கார்த்திகை முடிவதற்குள், டொமினோ இன்றைக்குக் கொஞ்சம் யோசனையாக இருக்கிறார், மிளகாய் நல்லாக நித்திரை கொள்ளுகிறார் என்று மரியாதையோடு எனக்குச் செய்தி சொல்லத் தொடங்கிவிட்டார். சேயோனின் அறையில் யாராவது உயிரோடு இருப்பது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டையும் ஒன்றாக விடக்கூடாது என்று அப்பாவிடம் நான் சொல்லியிருந்தேன். ஒன்றல்ல, பல தடவை. ஓம் ஓம் என்று தலையாட்டினார். ஆனால் அப்பாவுக்கும் இந்த நாட்டின் தடைகளுக்கும் நெடுங்காலத்து உறவு. ஞாயிற்றுக்கிழமை தெருத் தொட்டியில் வெற்றுப் போத்தல் போடக்கூடாது, மத்தியானத்தில் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, படிக்கட்டில் சப்பாத்து வைக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் முகத்தில் பணிவைக் காட்டிவிட்டு, எது உண்மையான தடை, எது சும்மா தடை என்று மனதுக்குள் அவரே பிரித்துக்கொள்வார். பாம்புத் தடையை அவர் போத்தல் தடையோடு சேர்த்துவிட்டார். அது எனக்குத் தெரியாது.

தை மாதத்தின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டொமினோவின் விளக்கு எரிந்துபோனது. வெளியே வாய்க்கால் தண்ணீர் உறைகிற குளிர். கடையெல்லாம் பூட்டு. எனக்கு ஒரு அழைப்பு எடுத்திருந்தால் நான் வேலையிடத்தில் இருந்தாவது ஏதாவது கொண்டு ஓடியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை நித்திரையைக் குழப்பினால் நான் சத்தம் போடுவேன் என்று பயந்து அப்பா எடுக்கவில்லை. தானே யோசித்தார்.

அவர் எப்படி யோசித்தார் என்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அவரை மூடர் என்று நினைப்பீர்கள். அப்பா இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அகதிகளுக்கான ஹைம் என்ற விடுதியில் நான்கு பேர் ஓர் அறையில் இருந்தார்கள். ஒரு சனிக்கிழமை பக்கத்து அறையின் ஹைற்சுங் நின்றுவிட்டது. பொறுப்பாளர் திங்கட்கிழமைதான் வருவார். ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. அப்பாவும் கூட இருந்தவர்களும் பக்கத்து அறைக்காரரைப் பாய் தலையணையோடு உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். அப்படி வந்து படுத்தவர்களில் ஒருவர்தான் பின்னாளில் அம்மாவை அப்பாவுக்குப் பேசிக் கட்டிவைத்த பெரியப்பா. இந்தக் கதையை எனக்கு ஒவ்வொரு குளிர்காலமும் சொல்லுவார். சூடு இருக்கிற அறை, சூடு இல்லாதவனைக் கூப்பிடவேண்டும். அப்பாவுக்குத் தெரிந்த சட்டங்களில் அதுதான் பெரியது.

இரண்டு ரெர்மோஸ்ராற்றிலும் ஒரே இலக்கம் இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு. இனி என்ன யோசனை என்று, டொமினோ சுருண்டு படுத்திருந்த மண்சட்டியைத் தட்டோடு அப்படியே தூக்கி, உடைந்த கையால் அணைத்துப் பிடித்து, மிளகாயின் பெட்டிக்குள் வைத்து மூடினார். நிம்மதியாக நித்திரை கொள்ளட்டும் என்று அறைக் கதவையும் சாத்திவிட்டு வந்தார்.

நான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தார். அப்பா முகத்தில் நல்ல காரியம் செய்தவரின் களை.

“டொமினோவை மிளகாயின்ரை வீட்டிலை விட்டிட்டன், பிள்ளை” என்றார். “ஒரு விளக்கு ரெண்டு பேருக்கும் காணும்.”

நான் சோற்றுக் கோப்பையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

கண்ணாடிக்குள் பார்த்தேன். ஈரத்துணியை முறுக்கினாற்போல் கறுப்பு வெள்ளை வளையங்கள் செம்மஞ்சளைச் சுற்றி இறுக்கியிருந்தன. மிளகாயின் தலையைக் காணவில்லை. அது டொமினோவின் வாய்க்குள் இருந்தது. அப்போதுதான் சேயோன் சொன்ன தடையின் காரணம் எனக்கு விளங்கியது. இந்த அரசப்பாம்பு மற்றப் பாம்புகளைத் தின்னும்.

அப்பா பின்னால் வந்து நின்று, சண்டை பிடிக்கிறார்களோ என்று கேட்டார்.

“சண்டை இல்லை அப்பா. சாப்பாடு.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் பெட்டியைத் திறந்து, கூச்சத்தைப் பார்க்காமல் இரண்டையும் பிடித்துப் பிரிக்கப் பார்த்தேன். ஏலவில்லை. இழுக்க இழுக்க இறுகியது. மிருக வைத்தியரின் அவசர இலக்கத்துக்கு எடுத்தால் ஒரு இயந்திரம் எங்களைப் பொறுமையாக இருக்கச் சொன்னது. நான் தினமும் மற்றவர்களுக்குச் சொல்லுகிற அதே வசனம். அந்த நேரம் அந்த இயந்திரத்தின் கழுத்தைத் திருகவேண்டும் போல இருந்தது.

சேயோனுக்கு எடுக்கப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். அதுவரை அந்த அறைக்குள் காலடி வைக்காதவர், வாசலில் இருந்தே கையை நீட்டி இறுக்கிப் பிடித்தார்.

“தம்பிக்குச் சொல்லாதை. இது செத்தால் செத்துப்போகட்டும். இதே நிறத்திலை இன்னொண்டு வாங்கி வைப்பம். அவனுக்கு இது தெரிஞ்சால் அவன் தாங்கமாட்டான், யதுசா.”

அந்தப் பயம் எனக்கும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஒரு கணம் அம்மா சொல்வதுபோல் செய்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு அந்த வாயையும் அதற்குள் போய்க்கொண்டிருக்கும் செம்மஞ்சளையும் பார்த்தேன். எல்லாம் நல்லம் என்று இதற்குமேல் என்னால் சொல்ல ஏலாது. கையை உதறிவிட்டு அழைத்தேன்.

சேயோன் எடுத்தான். வழக்கமான அந்தத் தூரத்துக் குரல், தண்ணீருக்கு அடியில் இருந்து பேசுவதுபோல. நான் சுகம் விசாரிக்கவில்லை.

“டொமினோ மிளகாயை விழுங்குது” என்றேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அவன் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

“வீடியோவைப் போடுங்கோ” என்றான். போட்டேன். “ஆர் ஒண்டா விட்டது? எவ்வளவு நேரம்? இழுக்காதேங்கோ, அக்கா. இழுத்தால் பல்லுக் கிழிக்கும். விடுங்கோ, நான் சொல்லுறமாதிரிச் செய்யுங்கோ.”

அது என் தம்பியின் குரல். பழைய குரல். கடையில் ஒரு கண்ணாடிச் சட்டத்தை யாராவது வளைத்துவிட்டால் வீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலம் திட்டித் தீர்ப்பானே, அந்தக் குரல். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கேட்டேன்.

காரமான மதுசாரம் ஏதாவது வேண்டும் என்றான். பஞ்சில் நனைத்து டொமினோவின் வாய் ஓரத்தில் பிடித்தால் மணம் பொறுக்காமல் விடும். கொரோனாக் காலத்துக் கிருமிநாசினி எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் குடிக்கிறவர்களும் இல்லை. நானும் அப்பாவும் முழுசிக்கொண்டு நிற்க, அம்மா திரும்பிப் போனார். கையில் ஓடிக்கொலோன் போத்தலோடு வந்தார். காய்ச்சலுக்கு நெற்றியில், பஸ் பயணத்துக்குக் கைலேஞ்சியில், செத்தவீட்டில் மயங்குகிறவர்களுக்கு மூக்கில் என்று அம்மாவுக்கு அது இல்லாமல் காரியம் இல்லை. அந்த வாசனைத் தண்ணீர் பிறந்த கொலோன் ஊருக்கே வாழ்க்கைப்பட்டு வந்தது தன் அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்வார்.

வாசலில் நின்று போத்தலை நீட்டினார். சேயோன் சொன்னபடி பாம்புகளைத் தாங்கிக்கொண்டிருந்ததால் எனக்கு இரண்டு கையும் பாம்பில். அப்பாவுக்கு ஒரு கைதான், அதில் நான் கொடுத்த தொலைபேசி. அம்மா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார், பிறகு பாம்பைப் பார்த்தார், பிறகு கண்ணை இறுக்கி மூடித் திறந்துவிட்டு உள்ளே வந்தார். பஞ்சை நனைத்து, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு வைப்பதுபோல் டொமினோவின் வாய் ஓரத்தில் வைத்தார்.

வாலில் இருந்து தொடங்கி ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்கச் சொன்னான் சேயோன். நான் அவிழ்த்தேன். படம் ஆடுகிறது, ஒழுங்காகப் பிடியுங்கோ என்று அப்பாவை அதட்டினான். அப்பா தொலைபேசியை மற்றக் கைக்கு மாற்றித் தாங்கப் பார்த்தார். மாற்றும்போது இடது மணிக்கட்டில் போட்டிருந்த கட்டு படத்தில் தெரிந்துவிட்டது.

“அப்பா, கையிலை என்ன அது?”

பிறகு சொல்லுகிறேன், முதலில் இதைப் பார் என்றேன். அம்மா பஞ்சை இன்னொரு முறை நனைத்தார். டொமினோ தலையை ஒருமுறை வெட்டியது. வாய் விரிந்தது. எச்சில் வழிய மிளகாயின் தலை வெளியே வந்தது.

டொமினோவை அதன் பெட்டிக்குள் போட்டு அடைத்தேன். மிளகாய் என் மடியில் கயிற்றுத் துண்டுபோல் கிடந்தது. கழுத்தில் பல் பட்ட இடத்தில் பொட்டுப் பொட்டாக இரத்தம். நாக்கைப் பார்க்கச் சொன்னான் சேயோன். நாக்கு வெளியே வந்தால் பயமில்லை. நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பாம்பின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாம்பு என்றால் தலைமறைவாகும் என் அம்மா, பிள்ளையாரே பிள்ளையாரே என்று முணுமுணுத்தார். நெடுநேரம் கழித்து, நூல்போல ஒரு நாக்கு வந்து, ஆடி, உள்ளே போனது. அப்பா கட்டிலில் பொத்தென்று இருந்துவிட்டார்.

மிளகாயை அதன் பெட்டியில் விட்டோம். இனி டொமினோவுக்குச் சூடு வேண்டுமே என்றார் அம்மா. அதுவரை பேர் சொல்லாதவர் பேர் சொன்னார். அறையின் ஹைற்சுங்கைக் கூட்டிவிட்டு, சுடுதண்ணீர்ப் பை ஒன்றைத் துவாயில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைக்கச் சொன்னான் சேயோன். அம்மா போய் இரண்டு சுடுதண்ணீர்ப் பையும், மூன்று கம்பளியும், போதாததற்கு அப்பாவின் குளிர்த் தொப்பியும் கொண்டுவந்து பெட்டியை நாலு பக்கமும் சுற்றத் தொடங்கினார்.

“அம்மா, ஒரு பக்கம் மட்டும்” என்றான் அவன். “சூடு ஒரு பக்கம்தான் இருக்கவேணும். போதுமெண்டால் விலகிப்போக அதுக்கு இடம் வேணும். எல்லாப் பக்கமும் சூடாக்கினால் செத்துப்போகும்.”

அம்மா கம்பளியோடு அப்படியே நின்றார். நான் சூடு விற்கிற நிறுவனத்தில் வேலை செய்கிறேன், எத்தனையோ வருடம். இப்படி ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவன் பாம்பைத்தான் சொன்னான். எனக்கென்னவோ கடந்த மூன்று மாதமாக நாங்கள் அவனுக்குச் செய்துகொண்டிருந்ததெல்லாம் கண்முன் வந்தது. அம்மாவுக்கும் வந்திருக்கவேண்டும். மெதுவாக இரண்டு கம்பளியை எடுத்து மடித்தார்.

“தனியக் குளிரிலை கிடக்கிறாரே எண்டு பாவமாக் கிடந்தது, தம்பி” என்றார் அப்பா.

“ஒரு நாள் குளிர் அவரைக் கொல்லாது, அப்பா” என்றான் சேயோன். அவனும் அவர் என்றுதான் சொன்னான். அம்மா கையால் எனக்குச் சைகை காட்டினார், போதும், வை என்று.

“வேறை என்னவெல்லாம் எனக்குச் சொல்லேல்லை?”

அம்மாவின் சைகை இன்னும் பலமானது. நான் அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா பனியில் விழுந்ததை, அரை முகமாக இருந்து சிரித்ததை, சொந்தக்காரரின் ஹம்பர்க் படிப்பை. நத்தார்ப் பண்டிகைக்கு முதல் அவனுடைய முதலாளி கேக்கோடு வீடு தேடி வந்தார் என்றும், அவன் எப்போது வந்தாலும் அவனுடைய இடம் அப்படியே இருக்கும் என்று சொன்னார் என்றும், அவனுக்கு அது சுமையாக இருக்கும் என்று நினைத்து அதையும் மறைத்தோம் என்றும் சொன்னேன். கிளினிக்கைப் பற்றி நன்றாகத் தெரிந்த அந்த மனிதரிடமும் பழக்கதோஷத்தில் அம்மா ஹம்பர்க் படிப்பைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். அந்த இடத்தில் அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா என்று எனக்கு நிச்சயமில்லை.

பிறகு அவன் தன்னுடையதைச் சொன்னான். வார இறுதிக்கு வீட்டுக்குப் போய்வரலாம் என்று கிளினிக்கில் நத்தாருக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். அவன்தான் வேண்டாம் என்று சொல்லிவந்திருக்கிறான்.

அம்மா அவசரமாகத் தொலைபேசிக்கு முன்னால் வந்தார். ஏன் ராசா என்று கேட்டார்.

“அங்கை வந்தால் நீங்கள் எல்லாரும் என்னைச் சுத்தி நிண்டுகொண்டு மெல்லமாக் கதைப்பீங்கள், அம்மா. கிளினிக் போக முதலும் அப்பிடித்தான். நான் என்ன செய்தாலும் ஒருத்தரும் ஏசமாட்டீங்கள். எனக்கு நான் இல்லாமல் போனமாதிரி இருக்கும்.”

அம்மா அழுதார். அவன் சமாதானம் சொல்லவில்லை. அழுது முடியும்வரை படத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, மிளகாயை நாளைக்கே வைத்தியரிடம் காட்டவேண்டும், சரியான விளக்கு வாங்கிப் பூட்டவேண்டும் என்று எனக்குச் சொன்னான். “சனிக்கிழமை வந்து பாப்பன்” என்றான். வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை நான் வேலைக்கு லீவு போட்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஹைற்சுங் நிறுவனத்துக்கு, வீட்டில் சூடு இல்லை என்று காரணம் சொன்னேன். மிளகாய்க்குக் கழுத்தில் காயமும் உள்ளே இரத்தக் கண்டலும் இருக்கிறது, ஆறிவிடும் என்றார் வைத்தியர். புது விளக்கை நானே பூட்டினேன், கம்பிக் கூடு போட்டு, சூடு ஒரு ஓரத்தில் மட்டும் விழும்படி. மற்ற ஓரத்தில் கை வைத்துப் பார்த்தேன். குளிர்மையாக இருந்தது.

சனிக்கிழமை வந்தது. அவனைக் கூட்டிவரப் போகிறேன் என்று மூன்று பேரும் தனித்தனியாகச் சொன்னோம். தானே வருவேன் என்று எழுதியிருந்தான். அவன் வந்ததும் சுற்றி வளைக்கக்கூடாது என்று நான் வீட்டில் கட்டளை போட்டேன். அப்பா தொலைக்காட்சியில் ஒன்றையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா குசினியில் ஒரே கத்தரிக்காயை வெட்டிக்கொண்டே இருந்தார்.

மணி அடித்தது. கதவைத் திறந்தேன். மெலிந்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது, மீசையில் பனி உருகிக்கொண்டிருந்தது. எனக்குத் தலையாட்டிவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே தன் அறைக்குப் போனான். மிளகாயைத் தூக்கிக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விளக்குக்குக் கீழே கையை வைத்தான். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு நன்றாக ஏச்சுக் கொடுத்தான். உடைந்த கையோடு பாம்பைத் தூக்கித் திரிவது என்ன விளையாட்டு, அது கடித்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை மறைக்க வேறு வழி தெரியவில்லை அவருக்கு.

அம்மா குசினியில் இருந்து வந்து அறை வாசலில் நின்றார். அவனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அவன் வருகிறான் என்று கழுவிக் காயவைத்த கார்ப்பெற்றில் வாசலில் இருந்து கட்டில்வரை கறுப்புக் கறுப்பாகச் சப்பாத்து அடையாளம். அம்மா எச்சிலை விழுங்கியது எனக்குத் தெரிந்தது. ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. நான் குறுக்கே போகவில்லை.

“சேயோன்” என்றார் அம்மா. மூன்று மாதமாக ராசா என்றும் குஞ்சு என்றும் கூப்பிட்ட வாய். “ஆர் உன்னைச் சப்பாத்தோடை உள்ளுக்கு வரச்சொன்னது? இதென்ன வீடோ, பஸ் ஸ்ராண்டோ?”

கட்டிடம் முழுக்கக் கேட்டிருக்கும். அப்பாவின் முகம் வெளிறிப்போனது. சேயோன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். குனிந்து தன் கால்களைப் பார்த்தான். மிளகாயைப் பெட்டிக்குள் விட்டு மூடிவிட்டு, அப்படியே தரையில் இருந்து சப்பாத்துக் கயிற்றைப் பிடித்தான்.

அம்மா நிறுத்தவில்லை. இது என்ன தாடி, அங்கே சவரக்கத்தி இல்லையா, தகப்பனோடு கதைக்கிற முறையா இது, சாப்பாடு தந்தார்களா, பட்டினி போட்டார்களா என்று கண்ணைத் துடைத்துத் துடைத்து ஏசிக்கொண்டே போனார். அவன் முகம் மலர்ந்திருந்தது, கன்னம் நனைந்திருந்தது. கயிற்றை மிக மிக மெதுவாகத்தான் அவிழ்த்தான், அம்மா ஏசி முடிக்கட்டும் என்று.